தலையணைகள் குவிந்த ஞாயிறு

எங்கள் கம்பெனியில் நூற்று முப்பத்தெட்டு சிப்பாய்கள். அவர்களில் நாற்பத்து மூன்று பேர் முகாமுக்கு வெளியே, ஊருக்குள் மனைவி மக்களோடு குடியிருந்தார்கள். அந்த நாற்பத்து மூன்று வீட்டுத் தொலைபேசி எண்களும் எனக்கு மனப்பாடம். நான் கம்பெனியின் எழுத்தர். பெயர் லைல் ப்ரூயிட். அவசர அழைப்பு வந்தால் வீடு வீடாகப் போன் செய்து ஆட்களை வரவழைப்பது என் பொறுப்பு. 1968 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொறுப்பை ஒரு பிசகும் இல்லாமல் செய்து முடித்தேன். அதை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தில் பாதியைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் டிவிஷனைக் கலைக்கவில்லை. நாங்கள் விமானத்திலிருந்து குதிக்கிறவர்கள். உலகத்தில் எங்கே தீப்பிடித்தாலும் முதலில் ஓட வேண்டியவர்கள். அதற்காக இருபது வருஷத்துக்கு மேல் மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டிவிஷனில் மூன்று பங்கில் ஒரு பங்குக்கு எப்போதும் முறை நடக்கும். முறை வந்த வாரங்களில் போன் மணி காதில் விழாத தூரத்துக்கு யாரும் போகக்கூடாது. அழைத்தால் இரண்டு மணி நேரத்தில் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். பதினெட்டு மணி நேரத்தில் முதல் விமானம் எழும்பியாக வேண்டும்.

நிஜமாக எழும்பியது கொஞ்சம். ஒத்திகை பார்த்ததுதான் மிச்சம். அறுபத்திரண்டில் கியூபா ஏவுகணை விவகாரத்தின்போது மூட்டையும் முடிச்சுமாக நாள் கணக்கில் காத்திருந்துவிட்டுத் திரும்பினோம். அறுபத்தைந்தில் டொமினிகன் குடியரசுக்குப் போனோம். அறுபத்தேழு கோடையில் சொந்த நாட்டு நகரத்துக்கே, கலவரத்தை அடக்க டெட்ராய்ட்டுக்குப் போனோம். இவற்றுக்கு நடுவே எத்தனையோ ஒத்திகைகள். ஒவ்வொன்றுக்கும் நாற்பத்து மூன்று வீடுகளில் போன் அடிக்கும். எடுத்தவனிடம் "கம்பெனி அழைக்கிறது, உடனே வரவும்" என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒத்திகையா நிஜமா என்று சொல்வது குற்றம்.

இந்த இடத்தில் கிப்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாடியஸ் கிப்ஸ், இரண்டாம் பிளாட்டூன் சார்ஜெண்ட். தென் கரோலினாக்காரன், கறுப்பினத்தவன். 1959இல் நானும் அவனும் ஒரே நாளில், ஒரே விமானத்திலிருந்து முதல் குதி குதித்தோம். நான் கதவருகே மரமாக நின்றபோது பின்னாலிருந்து, "டேய், நீ போறியா, நான் உன் மேல ஏறிப் போகட்டுமா?" என்று கத்தினவன் அவன். அன்றிலிருந்து சிநேகம்.

ஏவுகணை விவகாரத்துக்குப் பிறகு வீடுகளில் போன் அடித்தாலே பெண்களுக்கு உலகம் முடிந்துவிட்ட பயம். அறுபத்து மூன்றில் ஒரு ஒத்திகை. போன் சத்தம் கேட்டுப் பதறியதில் கிப்ஸின் மனைவி ஒடெஸா கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியைக் காலில் போட்டுக்கொண்டாள். ஒரு மாதம் கட்டோடு நடந்தாள். கட்டைப் பிரிக்கிற வாரம் கிப்ஸ் என் மேஜைக்கு வந்தான்.

"லைல், வெறும் ரிகர்சல்னா முன்னாடியே ஒரு சாடை காட்ட முடியாதா உன்னால?"

"சொன்னா என்னை உள்ள வெச்சிருவாங்கடா."

"வாயத் திறந்து சொல்ல வேண்டாம். ரெண்டு ரிங் விட்டு வெச்சிரு. அப்புறமா வழக்கம்போலப் பண்ணு. ரெண்டு ரிங் அடிச்சு நின்னா என் பொண்டாட்டி அடுப்பப் பாத்துப்பா."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வீட்டுக்குச் செய்தது ஒரு வருஷத்துக்குள் நாற்பத்து மூன்று வீட்டுக்கும் பரவியது. ஒத்திகை என்றால் இரண்டு முறை மணி அடித்து நிற்கும். அப்புறம்தான் அழைப்பு வரும். நிஜம் என்றால் முதல் மணியிலிருந்தே விடாமல் அடிக்கும். அறுபத்தைந்திலும் அறுபத்தேழிலும் விடாமல் அடித்தேன். அவர்களும் முறையாகக் கட்டிப்பிடித்து அழுது, விடைபெற்றுக்கொண்டு வந்தார்கள். ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த மணி பொய் சொன்னதில்லை.

இந்த நம்பிக்கையில் இன்னொரு பழக்கமும் முளைத்தது. அழைப்புக்கு வருகிறவன் உடுப்பு, காலுறை, மழைக்கோட்டு எல்லாம் திணித்த நீளப் பையோடு வர வேண்டும் என்பது விதி. பை புடைத்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். இரண்டு மணியோடு நின்றதைக் கேட்டவன் படுக்கையிலிருந்து தலையணையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வருவான். பையும் புடைப்பு, தூக்கவும் லேசு.

எனக்கு மேலே இருந்தவர் ஸ்டோவல். கம்பெனியின் தலைமை சார்ஜெண்ட். அவரை "டாப்" என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அழைப்புத் தாளை என்னிடம் கொடுக்கும்போது "ரிகர்சல்" அல்லது "நிஜம்" என்று ஒரு வார்த்தை சொல்வார். எங்கள் மணிக் கணக்கு அவருக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தேன்.

அந்த ஜனவரியில் ஒரு குதியில் தரையிறங்கும்போது என் கணுக்கால் உடைந்தது. கட்டோடு மேஜைக்கே வந்து உட்கார்ந்தேன்; கட்டைப் பிரிக்கிற வரை எனக்கு விமானம் ஏற அனுமதி இல்லை. வியட்நாமில் நிலைமை கெட்டுப்போயிருந்தது. செய்தித்தாளைப் பிரித்தால் அதுதான். ஆனால் எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் அங்கே ஒரு வருஷம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியவர்கள். கிப்ஸ் அக்டோபரில் வந்தவன். திரும்பி வந்தவனைப் பன்னிரண்டு மாதத்துக்குள் மறுபடி அனுப்ப மாட்டோம் என்று கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் அவனிடம் இருந்தது. அவன் கேட்டு, நான் தட்டச்சு செய்து, ஸ்டோவல் வழியாகப் பணியாளர் பிரிவுக்கு அனுப்பி வாங்கிக் கொடுத்த காகிதம். ஒடெஸாவுக்கு அப்போது எட்டாவது மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை.

"இந்தத் தாளைப் பையிலயே வெச்சுக்கடா" என்று சொன்னேன்.

"ரிகர்சலுக்கெல்லாம் தூக்கிட்டு அலைஞ்சா கசங்கிரும். நிஜம்னா நீதான் விடாம அடிப்பியே, அப்ப எடுத்துக்கறேன்" என்றான்.

அந்த ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஸ்டோவல் அலுவலகத்துக்குள் வந்தார். தாளை மேஜையில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை அழைப்பா என்று எனக்குச் சற்று உறுத்தியது. வாய்விட்டே கேட்டேன்.

"டாப், இது நிஜமா?"

அவர் என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். "ரிகர்சல்தான் ப்ரூயிட். எப்பவும் நீ எப்படிச் செய்வியோ அப்படியே செய்."

கடைசி வாக்கியத்தை அவர் அதற்கு முன் ஒருபோதும் சொன்னதில்லை. அன்றைக்கு அது என் காதில் விழுந்ததோடு சரி.

நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் இரண்டு மணி அடித்து நிறுத்தினேன். பிறகு முறைப்படி அழைத்தேன். கிப்ஸ் வீட்டில் ஒடெஸாதான் எடுத்தாள். அழைப்பு வாசகத்தைச் சொன்னேன். பின்னால் கிப்ஸின் குரல், "கேக்கறது லைல் சத்தம்தானே? ஞாயித்துக்கிழமைகூட அவனுக்குப் பொழுது போகல போல!" என்று கேட்டது. ஒடெஸா சிரித்துக்கொண்டே வைத்தாள்.

ஒரு மணிக்குள் நூற்று முப்பத்தெட்டுப் பேரும் வாசலில். ஒருவன் பாக்கியில்லை. தேவாலயத்துக்குப் போன உடுப்போடு சிலர், கன்னத்தில் பாதிச் சவர நுரையோடு ஒருவன். எல்லார் தோளிலும் புடைத்த பை. வெளிக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். ஒத்திகையிலும் அது உண்டு. ஆனால் பூட்டியபின் தலைமையகத்திலிருந்து இரண்டு பேர் வந்து என் மேஜைத் தொலைபேசியின் ஒயரைச் சுவரிலிருந்து உருவினார்கள். ஒத்திகையில் அதை யாரும் செய்ததில்லை.

ஸ்டோவல் முன்னால் வந்து நின்றார்.

"எல்லாரும் பையைக் காலி பண்ணுங்க. உள்ள இருக்கற தலகாணிய அந்த மூலைல போடுங்க. சாமான் அறைல புதுசா எல்லாம் குடுப்பாங்க. முதல் விமானம் ஆறு மணிக்கு. வியட்நாம்."

முன்வரிசையில் யாரோ ஒருவன் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்து. ஸ்டோவல் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பிறகு ஒவ்வொருவனாகப் பையின் கயிற்றை அவிழ்த்தார்கள். பூப்போட்ட உறை, ஓரத்தில் பின்னல் வைத்த உறை, கல்யாணத்துக்கு வந்த ஜோடி உறையில் ஒன்று, குழந்தையின் சின்னத் தலையணைகூட ஒன்று. மூலையில் குவியல் இடுப்பு உயரத்துக்கு எழுந்தது. தலையணையைப் போட்டுவிட்டுத் திரும்புகிற ஒவ்வொருவனும் அலுவலக ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான்.

கிப்ஸ் போட்டது மஞ்சள் உறை. அவன் நேராக ஜன்னலுக்கு வந்தான்.

"ரெண்டு ரிங் அடிச்சியே லைல்."

"எனக்கு அப்படித்தான் சொன்னாங்கடா. சத்தியமா."

"அந்தத் தாள் வீட்ல இருக்கு. மாவு டப்பாவுக்குப் பின்னால. நீ வெளிய போக முடியுமா?"

முடியும். ஆட்களின் பெயர்ப்பட்டியலை விமானத்தளத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்னுடையது. அதற்கு ஜீப்பும் வாசல் அனுமதியும் உண்டு. பட்டியலைக் கொடுத்த கையோடு, கட்டுப்போட்ட காலால் கிளட்சை மிதித்துக்கொண்டு ஊருக்குள் போனேன். அது குற்றம் என்று தெரியும். அப்போது மணி இரண்டே கால்.

கிப்ஸ் குடியிருந்த, சக்கரம் வைத்த டிரெய்லர் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"ஒடெஸாவா? சர்ச் சாப்பாட்டுக்குப் போயிட்டா. புருஷன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துருவான், ரிகர்சல்தான்னு சொன்னாளே?"

தேவாலயம் நாலு தெரு தள்ளி. பின்பக்கக் கூடத்தில் நீள மேஜைகள். பொரித்த கோழி, கீரை, சோளரொட்டி. அந்தக் கூடத்தில் வெள்ளைக்காரன் நான் ஒருவன்தான். நான் நுழைந்ததும் பேச்சு கொஞ்சம் தணிந்தது. பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா கரண்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"யூனிஃபார்ம் போட்டு வந்தவங்களுக்கு இங்க கோழி கிடையாது தம்பி. போன வருஷம் ஒருத்தன் எட்டு துண்டு தின்னுட்டுப் போனான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒடெஸாவும் சிரித்தாள். கையில் தட்டு, வயிற்றின் மேல் இன்னொரு கை. "அட லைல்! தாடியஸ் எங்க? அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

நான் அருகே போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் தட்டை மேஜையில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள்.

"ரெண்டு ரிங் அடிச்சுதே" என்றாள்.

"அந்தத் தாள் வேணும் ஒடெஸா. ஆறு மணிக்கு விமானம்."

"நான் எண்ணினேன் லைல். ரெண்டுதான். எண்ணிட்டுத்தான் அவரை அனுப்பினேன். கதவுக்குக்கூட வரல. சோளமாவு கைல ஒட்டியிருந்துச்சு, போயிட்டு வாங்கன்னு அடுப்படிலருந்தே சொன்னேன்."

ஜீப்பில் அவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து காகிதத்தை எடுத்தாள். எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்திருந்தாள். நானும் வருகிறேன் என்றாள். வாசலுக்கு மேல் விடமாட்டார்கள் என்றேன். வாசல் வரைக்குமாவது வருகிறேன் என்று மறுபடி ஏறி உட்கார்ந்தாள். முகாம் வாசலில் அவளை இறக்கிவிட்டேன். காவல்காரன் தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் நிற்கச் சொன்னான். அவள் நின்றாள்.

விமானத்தளத்தில் ஸ்டோவல் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தைக் கொடுத்தேன். முழுவதும் படித்தார். அவர் கையெழுத்தும் அதில் இருந்தது.

"சரியான தாள்தான். நேத்து வந்திருந்தா செல்லும்" என்றார். "இன்னிக்குக் காலைல ஒன்பது மணிக்கு உத்தரவு வந்துருச்சு. இந்த மாதிரித் தாள் எல்லாம் ரத்து. போன மாசம் திரும்பி வந்தவனும் போகணும்."

"ஒன்பது மணிக்கா?"

அவர் பட்டியலில் அடுத்த பெயரைக் குறித்தார்.

"நீங்க என்கிட்ட வந்தது பதினோரு மணிக்கு, டாப். ரிகர்சல்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எங்க ரிங் விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"அறுபத்து நாலுலருந்தே தெரியும். என் பொண்டாட்டியும் அதைத்தானடா எண்ணிட்டு உக்காந்திருக்கா." அவர் பென்சிலைக் காதில் செருகினார். "கேளு ப்ரூயிட். பக்கத்துக் கம்பெனில சாடையெல்லாம் இல்ல, இன்னிக்கு நேரா அடிச்சாங்க. திரும்பி வந்தவன்ல ஒன்பது பேர் போனையே எடுக்கல. கொல்லைப்பக்கமா மீன் பிடிக்கப் போயிட்டானுங்க. அவனுங்க எடத்துக்கு யார் போறா தெரியுமா? போன மாசம் பயிற்சி முடிச்ச பசங்க. எனக்கு நூத்து முப்பத்தெட்டுப் பேர் வேணும்னு கர்னல் கேட்டார். நூத்து முப்பத்தெட்டும் வந்துட்டான். உன் ரிங்குதான் கூட்டிட்டு வந்துச்சு."

"அது அதுக்காக வெச்சது இல்ல டாப்."

"நீ கண்டுபிடிச்ச. நான் உபயோகிச்சேன். அவ்ளோதான்." காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "நானும்தான் போறேன். எனக்கும் யாரும் டாட்டா சொல்லல."

அவர் சொன்ன கடைசி விஷயம் உண்மை. அதனால் எனக்கு ஒன்றும் ஆறுதல் கிடைக்கவில்லை.

கிப்ஸ் வரிசையில் மூன்றாவது விமானத்துக்கு நின்றிருந்தான். தலைக்கவசத்தில் சாக்கட்டியால் எண் எழுதியிருந்தது. என் கையில் காகிதத்தைப் பார்த்தவுடன் முகம் மலர்ந்தது. நான் இல்லையென்று தலையை ஆட்டியதும் அது அப்படியே அணைந்தது.

"செல்லாதாம். காலைலயே ரத்து பண்ணிட்டாங்க."

"காலைலயேவா? அப்ப நீ அடிக்கறதுக்கு முன்னாடியே?"

"ஆமா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுடா. டாப் என்னை ஏமாத்திட்டார்."

அவன் என் கணுக்கால் கட்டைப் பார்த்தான். அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவ எங்க?"

"வாசல்ல நிக்கறா. கோட்டுக்கு அந்தப்பக்கம்."

விமானத்தளத்திலிருந்து வாசல் கண்ணுக்கே தெரியாது. நடுவில் கொட்டகைகளும் லாரிகளும். ஆனாலும் அந்தத் திசையில் பார்த்தபடி நின்றான். வரிசை நகர்ந்தது.

"கேளு லைல். இன்னிக்கு நீ விடாம அடிச்சிருந்தாலும் நான் வந்திருப்பேன். ஓடுறவன் இல்ல நான். தாளு செல்லலன்னாலும் ஏறியிருப்பேன். அவகிட்ட சொல்லிட்டு வந்திருப்பேன். அஞ்சு நிமிஷம். அதைத்தான் நீ எடுத்துக்கிட்ட."

"நான் எடுத்துக்கல..."

"போன்ல விரல் உன்னுதுதானே?"

ஆமாம் என்றேன். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். அந்தப் பையில் இப்போது தலையணை இல்லை. தோள் ஒருபக்கம் சரிந்திருந்தது.

ஆறு பத்துக்கு மூன்றாவது விமானம் எழும்பியது. வாசலில் ஒடெஸா நின்ற இடத்திலேயே நின்று, தலைக்கு மேலே போகிற ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எதில் அவன் இருக்கிறான் என்று கேட்கவில்லை. வீட்டில் விடுகிறேன் என்றேன். "பஸ் இருக்கு, மிஸ்டர் ப்ரூயிட். நீங்க போங்க" என்றாள்.

எங்கள் பக்கத்து ஊர்களில் அவளைப் போன்ற ஒரு கறுப்பினப் பெண் என்னைப் போன்ற ஒரு வெள்ளைக்காரனை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். அவள் ஒன்பது வருஷமாக என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

திங்கட்கிழமை நான் தலையணைகளை எண்ணினேன். முப்பத்தொன்று. நாற்பத்து மூன்றில் மற்றவர்கள் போர்வையும் பழைய செய்தித்தாளும் வைத்திருந்தார்கள். உறையின் ஓரத்தில் சலவைக்கடைப் பெயர் இருந்தவற்றை முதலில் பிரித்தேன். இல்லாதவற்றுக்கு விசாரித்தேன். இரண்டு நாளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சில பெண்கள் கதவைத் திறந்து வாங்கினார்கள். ஒருத்தி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கதவை அறைந்தாள். ஒருத்தி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் அவள் எழுந்திருக்கிற வரைக்கும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவிக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று ஸ்டோவலும் தலையணைப் பையோடுதான் வந்திருந்தார்; அவர் மனைவி மட்டும், "அவருக்குத் தெரியும்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தலையணையை வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டாள்.

ஒடெஸா மஞ்சள் தலையணையை வாங்கிக்கொண்டாள். நான் போகாமல் நின்றேன்.

"அந்தத் தாளை வெச்சு ஒரு கடிதம் எழுதலாம். செனட்டருக்கு, பத்திரிகைக்கு. கையெழுத்துப் போட்டுக் குடுத்த வாக்கை மீறிட்டாங்கன்னு."

"யார் எழுதறது?"

"நான் டைப் பண்றேன். நீ கையெழுத்துப் போடு. எங்க கம்பெனில பன்னிரண்டு மாசம் முடியாதவங்க எத்தனை பேர், எந்தத் தேதில வந்தாங்க, எல்லாம் என்கிட்ட இருக்கு."

"அதை வெளிய குடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்?"

"என்ன ஆனாலும் ஆகட்டும்."

அவள் சமையல் மேஜையைத் துடைத்து இடம் பண்ணிக் கொடுத்தாள். அறுபத்து நான்கு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேராகத் திரும்பி வந்த தேதி. கிப்ஸின் காகிதத்தை மேலே வைத்து ஊசி குத்தினோம். வேறு கம்பெனிகளிலிருந்து வேறு பெண்களும் எழுதினார்கள் என்று பிறகு தெரிந்தது. எதனால் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் சில வாரங்களில், சீக்கிரமாக அனுப்பப்பட்டவர்களில் விருப்பமுள்ளவர்கள் வீடு திரும்பலாம் என்று உத்தரவு வந்தது. கிப்ஸ் ஏப்ரலில் வந்தான். பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அறுபத்து நான்கு பேரில் நான்கு பேர் அதற்குள் இறந்திருந்தார்கள்; அவர்களுக்கு அந்த உத்தரவு தேவைப்படவில்லை. அவர்களுடைய தலையணைகளையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். ஸ்டோவல் அங்கேயே இருந்துவிட்டார்; எங்களுக்கு வேறு தலைமை சார்ஜெண்ட் வந்தார்.

அந்தக் காகிதம் மட்டும் வாஷிங்டனுக்குப் போனது போனதுதான்.

கிப்ஸ் வந்திறங்கிய அன்று அவனைப் பார்க்க விமானத்தளத்துக்குப் போயிருந்தேன். "கடிதம் நீ டைப் பண்ணதாமே" என்றான். "ஆமாம்" என்றேன். "தப்பில்லாம இருந்துச்சாம். ஒடெஸா எழுதியிருந்தா." அதற்கு மேல் அவன் ஒன்றும் பேசவில்லை. நானாக ஏதாவது பேச ஆரம்பித்தால் கேட்டுவிட்டு, "சரி" என்பான். அலுவலகத்தில் என்னை "ப்ரூயிட்" என்று கூப்பிடத் தொடங்கினான்.

மே மாதம் எங்களுக்கு மறுபடி முறை வந்தது. பட்டியலைப் புதுப்பிக்கும்போது கிப்ஸ் வீட்டு எண்ணுக்கு நேராக "இணைப்புத் துண்டிக்கப்பட்டது" என்று தொலைபேசி நிலையத்திலிருந்து வந்தது. ஒடெஸா போனையே எடுத்துவிடச் சொல்லியிருந்தாள். போன் இல்லாத வீட்டுக்கு ஆள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த ஆள் கம்பெனி எழுத்தர்.

இதற்குள் நான் ஒன்று செய்திருந்தேன். புதிய தலைமை சார்ஜெண்டிடம், "அழைப்புத் தாளைக் குடுக்கறப்ப ரிகர்சலா நிஜமான்னு என்கிட்ட சொல்லாதீங்க" என்று கேட்டுக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சரி என்றார். எல்லா வீட்டிலும் முதல் மணியிலிருந்து விடாமல் அடித்தேன். யாரும் தலையணை கொண்டுவரவில்லை.

ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. மற்ற வீடுகளுக்குப் போன் செய்துவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் டிரெய்லர் கதவைத் தட்டினேன். ஒடெஸா திறந்தாள். இடுப்பில் குழந்தை. காலில் அந்தப் பழைய எண்ணெய்த் தழும்பு.

"கம்பெனி அழைக்கிறது, உடனே வரவும்" என்றேன்.

"ரிகர்சலா, நிஜமா, மிஸ்டர் ப்ரூயிட்?"

"தெரியாது ஒடெஸா. நிஜமாவே எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம்னு நானே கேட்டுக்கிட்டேன்."

அவள் நம்பினாளா என்று அவள் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. உள்ளே திரும்பி, "தாடியஸ், வந்துட்டாங்க" என்றாள்.

நான் படிக்கட்டில் நின்றேன். கதவு திறந்தே இருந்தது. கிப்ஸ் பையில் ஒவ்வொன்றாக அடுக்கினான்: மூன்று ஜோடிக் காலுறை, மழைக்கோட்டு, சவரப்பெட்டி, குழந்தையின் படம். கயிற்றை இழுத்துக் கட்டினான். குழந்தையை வாங்கி, உச்சி மோந்து, அதன் காதில் ஏதோ சொன்னான். பிறகு இரண்டு பேரும் சமையல் அறைக்குள் போனார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம். பார்க்கக்கூடாது என்று அப்புறம்தான் தோன்றியது.

அவனை ஜீப்பில் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பதினோரு மணிக்கு ஒத்திகை என்று சொல்லிக் கலைத்துவிட்டார்கள். அவனைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். ஒடெஸா கதவருகே, காலையில் நின்ற அதே படியில் நின்றுகொண்டிருந்தாள். காலையில் கட்டியிருந்த ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை.

பின்சீட்டிலிருந்து அவன் பையை இறக்கிக் கொடுக்கலாம் என்று தூக்கினேன். நல்ல கனம். கணுக்கால் வலித்தது. கிப்ஸ் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான்.

"நான் தூக்கிக்கறேன், ப்ரூயிட்" என்றான்.